மூளைக் கட்டி சிகிச்சையில் வரும் சிக்கல்கள்: அம்மா அப்பாவைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு

ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வேலை ஆரம்பிக்கிறது. ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் ஷிஃப்டாகப் பலர் கவனித்த ஒருவரை இப்போது நீங்கள் ஒற்றை ஆளாகப் பார்க்கிறீர்கள். அவரோ திடீரென்று நாள் முழுக்கத் தூங்குகிறார், அல்லது காரணமே இல்லாமல் எரிந்து விழுகிறார், அல்லது போன வாரம் நடந்தவர் இந்த வாரம் நாற்காலியைவிட்டு எழவே தடுமாறுகிறார். "கட்டி மறுபடி வளர்ந்துடுச்சு" என்றுதான் மனது உடனே நினைக்கும்.

அப்படியும் இருக்கலாம். ஆனால் இதே மூன்றும் மருந்தால் வரலாம், ரேடியேஷன் வீக்கத்தால் வரலாம், சாதாரண சிறுநீர்த் தொற்றால்கூட வரலாம், இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய வழி இருக்கிறது. எதனால் என்று கண்டுபிடிப்பது டாக்டரின் வேலை. என்ன மாறியது, எப்போதிலிருந்து மாறியது, அதற்கு முன்னால் எந்த மருந்து கூடியது அல்லது குறைந்தது என்று சொல்வதற்குக் கூடவே இருக்கும் உங்களைவிட்டால் ஆள் இல்லை. கீழே எழுதியிருப்பது பெரும்பாலும் அந்த வேலையைப் பற்றித்தான். மருந்தின் அளவை நீங்களாக மாற்றுவதற்கு இதைப் பயன்படுத்தாதீர்கள்.

முதல் வேலை: இப்போது எப்படி இருக்கிறார் என்று பதிந்துவையுங்கள்

ஒரு நோட்டு போதும். முதல் பக்கத்தில் கட்டியின் பெயர், கிரேடு (கட்டி எவ்வளவு வேகமாக வளரும் வகை என்று காட்டும் எண்), மூளையின் எந்தப் பக்கம், எந்தப் பகுதி, என்ன ஆபரேஷன், எந்தத் தேதி. கட்டி இருந்த இடத்தைத் தெரிந்துகொண்டால் பின்னால் வருகிற பாதி விஷயம் புரிந்துவிடும். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு இடது மூளையில் இருக்கும், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி பாதித்தால் குணமும் ஊக்கமும் மாறும், வலது பின்பகுதி பாதித்தால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகலாம்.

அடுத்த பக்கத்தில் மருந்துப் பட்டியல்: பெயர், அளவு, நேரம், எதற்காக, எப்போது நிறுத்தச் சொன்னார்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் கேட்க மறந்துவிடுவார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே இரவில் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் போனில் ஒரு நிமிட வீடியோ. கண்ணை மூடி இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லுங்கள், நாலு அடி நடக்கச் சொல்லுங்கள், இன்றைக்கு என்ன செய்தார் என்று இரண்டு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை இதையே, அதே நேரத்தில், அதே இடத்தில் எடுங்கள். "கொஞ்சம் டல்லா இருக்கார் டாக்டர்" என்று சொன்னால் ஐந்து நிமிடச் சந்திப்பில் அது காற்றோடு போய்விடும், இரண்டு வீடியோவை அடுத்தடுத்துக் காட்டினால் அவரே நிமிர்ந்து உட்காருவார். தினக் குறிப்பும் சுருக்கமாக இருக்கட்டும்: "மாலை 4 மணி, வலது கை இரண்டு நிமிடம் துடித்தது, கேட்டதற்குப் பதில் சொன்னார், பிறகு அரை மணி நேரம் தூங்கினார்." இவ்வளவு போதும்.

ஆபரேஷனுக்குப் பிந்தைய வாரங்கள்

காயத்தைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு கூடுவது, சீழ், நாற்றம் இவை எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாதது ஒன்று: தலையணை ஈரமாகும்படி காயத்திலிருந்தோ மூக்கிலிருந்தோ தண்ணீர் போலத் தெளிவாக ஏதாவது கசிந்தால் அது மூளையைச் சுற்றியிருக்கும் திரவமாக இருக்கலாம், அன்றைக்கே சொல்லியாக வேண்டும். காய்ச்சலோடு கழுத்து விறைப்பும் கடும் தலைவலியும் சேர்ந்தால் காத்திருக்கவே கூடாது.

இன்னொன்று கால். மூளைக் கட்டி உள்ளவர்களுக்கு, குறிப்பாக மூளையின் சொந்தத் திசுவிலிருந்தே வளரும் கிளையோமா வகையில், காலில் ரத்தம் உறையும் அபாயம் மற்றவர்களைவிட நன்றாகவே அதிகம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியாக இருந்தால் நீவிவிடாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம், நேராக அவசரப் பிரிவு.

ஸ்டீராய்டைப் புரிந்துகொள்ளுங்கள்

டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மூளை வீக்கத்தை வேகமாக இறக்கும். ஆரம்பித்த ஒன்றிரண்டு நாளிலேயே தலைவலி குறைந்து, பேச்சு தெளிந்து, வீடே மூச்சு விடும். அதே மருந்து வாரக்கணக்கில் ஓடும்போது வரும் தொல்லைகளை ஒரு சீட்டில் அச்சடித்துக் கொடுப்பார்கள், யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. வீட்டில் நடக்கும் குழப்பத்தில் பாதி இதனால்தான் என்பது என் கணிப்பு.

தூக்கம் போகும். மாத்திரை மாலையிலோ இரவிலோ இருந்தால், நாளின் அளவைக் காலைக்கும் மதியத்துக்கும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் முடியும். பசி தாறுமாறாகக் கூடும், முகம் உருண்டையாகும். சுகர் இதுவரை இல்லாதவருக்கும் ஏறும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: காலையில் மாத்திரை போட்டால் சுகர் பிற்பகலிலும் மாலையிலும்தான் ஏறும், வெறும் வயிற்றில் எடுத்த அளவு நார்மலாகவே இருக்கலாம். அதனால் "காலையில் பார்த்தோம், நார்மல்" என்று விட்டுவிடாமல் மாலையிலும் பாருங்கள். தாகமும் அடிக்கடி சிறுநீரும் கூடினால் கட்டாயம்.

தொடைத் தசை கரையும். நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் அழுத்தி, உடம்பை முன்னால் சாய்த்து, ஒரு தம் பிடித்து எழப் பார்த்து, பாதியில் மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள். ஒருமுறை நின்றுவிட்டால் சமதரையில் ஓரளவு நடப்பார்கள், படியும் கழிப்பறையும்தான் எதிரி. இரண்டு தொடையும் ஒரே மாதிரி பலவீனமாக இருந்தால் ஸ்டீராய்டாக இருக்க வாய்ப்பு அதிகம், ஒரு பக்கக் கையும் காலும் மட்டும் சோர்ந்தால் மூளை சம்பந்தப்பட்டது. டாக்டரிடம் சொல்லும்போது இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள்.

வாயில் வெள்ளைப் படலம் வந்தால் பூஞ்சை, எளிதாகச் சரியாகும். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் வயிற்றில் ரத்தக் கசிவாக இருக்கலாம், அது அவசரம். அதனாலேயே ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்கக் கூடாது. ஸ்டீராய்டு காய்ச்சலையும் மறைக்கும், எனவே "சூடு இல்லையே" என்பதை நம்பித் தொற்று இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியம்: இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. சில வாரங்கள் எடுத்தாலே உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும், சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரை தீருவதற்கு முன்பே வாங்கிவையுங்கள். வாந்தி எடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் அன்றே போன் செய்யுங்கள். அளவைப் படிப்படியாகக் குறைக்கும் நாட்களில் குறிப்பைக் கூடுதல் கவனத்தோடு எழுதுங்கள். குறைத்த பிறகு தலைவலியும் பழைய பலவீனமும் திரும்பினால் வீக்கம் திரும்பியிருக்கலாம், அசதி, குமட்டல், எழுந்தால் தலைசுற்றல் என்று வந்தால் உடம்பின் சொந்த உற்பத்தி இன்னும் விழிக்கவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம்.

வலிப்பு: என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள்

எல்லா வலிப்பும் கீழே விழுந்து கைகால் உதறுவதாக இருக்காது. வாயின் ஓரம் மட்டும் இழுப்பது, ஒரு கை மட்டும் துடிப்பது, இரண்டு நிமிடம் பேச்சு சிக்கிக்கொள்வது, இல்லாத ஒரு நாற்றம் வருவது, வெறித்துப் பார்ப்பது எல்லாம் வலிப்பாக இருக்கலாம். முடிந்த பிறகு அந்தப் பக்கக் கைகால் சில மணி நேரம், சிலருக்கு ஒரு நாளுக்கு மேலும், செயலற்றுக் கிடக்கும், பக்கவாதம் என்றே தோன்றும். முதல்முறை அப்படி ஆனால் நீங்கள் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெரிய வலிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். இது கேட்பதற்கு எளிது, செய்வது கஷ்டம், பயத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள், சட்டைக் காலரைத் தளர்த்துங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், கையில் எதையும் திணிக்காதீர்கள், உதறலைப் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்தால், மூச்சு சீராகவில்லை என்றால், அடிபட்டிருந்தால் ஆம்புலன்ஸ். வீட்டில் வைத்துக்கொள்ள மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரே தேவையா என்று முன்னாலேயே கேட்டு, எப்படி அடிப்பது என்று நர்ஸிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

மருந்து தவறியது, வாந்தி, காய்ச்சல், தூக்கமின்மை, உப்புச் சத்து இறங்கியது: அடங்கியிருந்த வலிப்பு திரும்பினால் இவற்றைத்தான் முதலில் பார்ப்பார்கள், நோட்டில் இவை இருந்தால் நேரம் மிச்சம்.

லெவெடிராசிட்டம் பரவலாகத் தரப்படும் வலிப்பு மருந்து, நல்ல மருந்துதான், ஆனால் சிலருக்குக் கோபத்தைக் கிளப்பும். வாழ்நாளில் குரல் உயர்த்தாத என் அப்பா, சவரம் செய்துவிட உட்கார்ந்த தம்பியின் கையைத் தட்டிவிட்டு, முகத்தில் பாதி நுரையோடு எழுந்து போய் கதவைச் சாத்திக்கொண்டார். ஸ்டீராய்டும் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. டாக்டரிடம் சொன்னோம், வேறு வலிப்பு மருந்துக்கு மெதுவாக மாற்றினார்கள், கோபம் தணிந்தது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கேளுங்கள், மாற்று இருக்கிறது.

வண்டி ஓட்டக் கூடாது, குளியலறைக் கதவை உள்ளே தாழிடக் கூடாது, அடுப்பருகே தனியாக விடக் கூடாது. இதில் வண்டிச் சாவியை வாங்குவதுதான் பெரிய சண்டையாகும். அதை டாக்டர் வாயால் சொல்லவைத்துவிடுங்கள், உங்கள் உறவு தப்பிக்கும்.

ரேடியேஷனும் கீமோவும்

கிளையோமாவிலேயே வேகமாக வளரும் வகையான கிளையோபிளாஸ்டோமாவுக்கு வழக்கமாக வாரம் ஐந்து நாள், ஆறு வாரம், 30 முறை ரேடியேஷன். வயதானவர்களுக்குச் சில நேரம் 15 முறையாகச் சுருக்குவார்கள். மற்ற கட்டிகளுக்கு வேறு கணக்கு. முகத்தை இறுக்கிப் பிடிக்கும் மாஸ்க்கில் பயம் வந்தால் முதல் நாளே சொன்னால் உதவி செய்வார்கள்.

அசதி நாளாக நாளாகச் சேர்ந்துகொண்டே போகும், முடிந்த பிறகும் சில வாரங்கள் கூடும். "அப்பாடா, முடிஞ்சுது, இனி தேறிடுவார்" என்று நாம் நினைக்கும் அந்த நேரத்தில்தான் அதிகம் தூங்குவார். எழுப்பினால் தெளிவாகப் பேசுகிறார், சாப்பிடுகிறார், மறுபடி தூங்குகிறார் என்றால் ரேடியேஷன் அசதியாக இருக்கலாம். எழுப்பவே கஷ்டமாக இருந்தால், எழுந்தும் குழம்பினால், வாந்தியும் இருந்தால் அது வேறு, உடனே காட்ட வேண்டும்.

டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரையை வெறும் வயிற்றில், பெரும்பாலும் படுக்கும் முன், அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் குமட்டல் மாத்திரையோடு கொடுக்கச் சொல்வார்கள். கேப்ஸ்யூலைப் பிரிக்கவோ நசுக்கவோ கூடாது, நீங்கள் தொடுவதானால் கையுறை போடுங்கள், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் தொடவே வேண்டாம். குமட்டலுக்குத் தரும் ஓண்டான்செட்ரான் மலச்சிக்கல் கொண்டுவரும், மூன்று நாள் போகவில்லை என்று தெரிந்தபிறகு ஓடாமல் முதலிலிருந்தே மலமிளக்கி கேட்டு வாங்குங்கள்.

ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஈறில் ரத்தம், தோலில் ஊசிமுனை மாதிரி சிவப்புப் புள்ளி, இடிக்காமலே கன்றிப்போவது: பிளேட்லெட் குறைந்திருக்கலாம். கீமோ ஓடும்போது காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துக் காலைவரை பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது, அந்த நேரத்திலேயே கிளம்ப வேண்டும். வறட்டு இருமலும் நடந்தால் மூச்சு வாங்குவதும் சேர்ந்து வந்தாலும் சொல்லுங்கள், எதிர்ப்புச் சக்தி இறங்கியவர்களுக்கு வரும் ஒருவகை நிமோனியா உண்டு, அதைத் தடுக்கவே சிலருக்கு ஆன்டிபயாட்டிக் முன்கூட்டித் தருகிறார்கள். யாரோ சொன்னார்கள் என்று மூலிகைப் பொடி எதையும் டாக்டருக்குத் தெரியாமல் சேர்க்க வேண்டாம்.

ஆளே மாறிவிட்டார் என்று தோன்றும்போது

எதிலும் ஆர்வமில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை நாம் சோம்பல் என்றோ மனச்சோர்வு என்றோ எடுத்துக்கொள்வோம். முன்மூளை பாதித்தால் "ஆரம்பி" என்று உள்ளே சொல்லும் பொறியே வேலை செய்யாது. "என்ன செய்யலாம்?" என்று கேட்டால் பதில் வராது. "வாங்க, சட்டை மாத்தலாம்" என்று சொல்லிக் கையில் சட்டையைக் கொடுத்தால் போட்டுக்கொள்வார். சிலருக்கு வாய்க்கட்டுப்பாடு போய்விடும், பார்க்க வந்தவரிடம் முகத்துக்கு நேராக ஏதாவது சொல்லிவிடுவார். வருகிறவர்களை முன்கூட்டியே எச்சரியுங்கள், அவரைத் திருத்தப் போகாதீர்கள். தனக்குப் பலவீனம் இருப்பதே தெரியாமல் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று எழப் போய் விழுவதும் உண்டு. அது பிடிவாதம் இல்லை, அந்தத் தகவலே அவர் மூளைக்குப் போய்ச் சேரவில்லை.

பேச்சு சிக்கினால் ஆம், இல்லை என்று பதில் வருகிற மாதிரி கேளுங்கள், இரண்டு பொருளைக் காட்டி எது வேண்டும் என்று கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். வருகிற உறவினரெல்லாம் "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைப்பார்கள், அதைத் தயவுதாட்சண்யமில்லாமல் தடுத்துவிடுங்கள். தட்டில் இடது பாதி சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டால் பசியில்லை என்று நினைக்காதீர்கள், தட்டைத் திருப்பி வைத்துப் பாருங்கள்.

குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று வந்தால், அதுவும் இரவில் கூடினால், சிறுநீர்த் தொற்று, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், சுகர், சோடியம், புதிதாகச் சேர்த்த மருந்து, தெரியாமல் வந்துபோன வலிப்பு என்று ஒரு வரிசை இருக்கிறது. "இதையெல்லாம் பார்த்தாச்சா?" என்று நீங்களே கேட்கலாம்.

தூக்குவது, ஊட்டுவது, புரட்டுவது

இதைப் படித்துக் கற்க முடியாது. டிஸ்சார்ஜுக்கு முன் பிசியோதெரபிஸ்ட் முன்னால் நீங்களே ஒருமுறை செய்துகாட்டுங்கள். நடக்கும்போது பலவீனமான பக்கத்தில், அரை அடி பின்னால் நில்லுங்கள். சோர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள் மூட்டு நழுவும், இடுப்பில் அகலமான பெல்ட் போட்டு அதைப் பிடியுங்கள். மிதியடிகளைச் சுருட்டி எடுத்துவிடுங்கள், இரவு விளக்கு எரியட்டும்.

குடித்தவுடன் இருமல், குரல் ஈரமாகக் கரகரப்பது, வாயிலேயே அடக்கிவைத்துக்கொள்வது: விழுங்குவதில் சிக்கல். சாப்பாட்டைவிடத் தண்ணீர்தான் அதிகம் புரையேறும். நேராக உட்காரவைத்து, சின்னச் சின்ன வாயாக, பேச்சுக் கொடுக்காமல், முடிந்தபிறகும் அரை மணி நேரம் சாயவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விழுங்குதல் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். மாத்திரையைப் பொடிக்கலாமா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், லெவெடிராசிட்டம் சிரப்பாகவும் கிடைக்கும். படுத்த படுக்கையானால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டி, வால் எலும்பையும் குதிகாலையும் பாருங்கள். அழுத்தினாலும் மறையாத சிவப்புதான் படுக்கைப்புண்ணின் தொடக்கம்.

ஸ்கேன் வந்த நாள்

ரேடியேஷன் முடிந்து முதல் மூன்று மாதங்களில் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் கட்டி பெரிதானது போலத் தெரிந்து, பிறகு தானாகவே அடங்குவது உண்டு. சிகிச்சையின் அழற்சிதான் அப்படிக் காட்டும், பொய் வளர்ச்சி என்று சொல்லலாம். இன்னொன்று ரேடியேஷனால் திசு செத்துப்போவது, அது பல மாதங்கள், சில வருடங்கள் கழித்துக்கூட வரும், ஸ்டீராய்டாலும் பெவசிஸுமாப் என்ற மருந்தாலும், சிலருக்கு ஆபரேஷனாலும் சிகிச்சை செய்கிறார்கள். சாதாரண எம்.ஆர்.ஐ.யில் இவை இரண்டும் நிஜ வளர்ச்சியும் ஒன்றுபோலவே தெரியலாம்.

எனவே ரிப்போர்ட்டை ராத்திரியில் தனியாக உட்கார்ந்து படித்து மனதை ஒடித்துக்கொள்ளாதீர்கள். டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்: இது பொய் வளர்ச்சியாக இருக்க வாய்ப்பு உண்டா, ரத்த ஓட்டம் பார்க்கும் எம்.ஆர்.ஐ.யோ பெட் ஸ்கேனோ உதவுமா, சில வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கலாமா, கட்டிகளுக்கான கூட்டுக் குழுவில் வைத்துப் பேசினார்களா? ஸ்கேன் எடுத்த அன்று ஸ்டீராய்டு எவ்வளவு ஓடியது என்பதையும் சொல்லுங்கள், அளவு மாறினால் படமும் மாறும்.

உடனே கிளம்ப வேண்டியவை

எழுப்ப முடியாத தூக்கம். நாளுக்கு நாள் கூடும் காலைத் தலைவலியோடு வாந்தி. புதிதாக ஒரு பக்கம் செயலிழப்பு, பேச்சு போவது, இரண்டிரண்டாகத் தெரிவது. ஐந்து நிமிட வலிப்பு. கீமோவின்போது காய்ச்சல். காயத்தில் கசிவு. திடீர் மூச்சுத்திணறல். தலையில் ஷன்ட் குழாய் (மூளைத் திரவத்தை வடிக்க வைப்பது) வைத்தவருக்குத் தலைவலியும் மயக்கமும். ஸ்டீராய்டு எடுப்பவருக்கு நிற்காத வாந்தி. இதைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள், நீங்கள் வெளியே போயிருக்கும்போது வீட்டில் இருப்பவருக்கு உதவும்.

பேச வேண்டியவற்றைச் சீக்கிரம் பேசுங்கள்

பேச்சும் தெளிவும் இருக்கும்போதே அவரிடம் கேட்க வேண்டியவை உண்டு: தன்னால் முடிவெடுக்க முடியாதபோது யார் எடுக்க வேண்டும், வென்டிலேட்டர் வேண்டுமா, விழுங்க முடியாமல் போனால் குழாய் வழி உணவு வேண்டுமா, கையெழுத்து போட வேண்டிய காகிதங்கள் எவை? பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகள்தான் இதைத் தள்ளிப்போடுகிறார்கள், பெற்றவர்கள் கேட்டால் நிம்மதியாகவே பதில் சொல்வார்கள். வலி, குமட்டல், பயம், தூக்கம் இவற்றுக்காகவே இருக்கும் பாலியேட்டிவ் குழுவையும் ஆரம்பத்திலேயே கேளுங்கள், சிகிச்சை ஓடும்போதே அவர்கள் கூட வருவார்கள், கடைசி நாட்களுக்கு மட்டுமான ஆட்கள் இல்லை.

உடன்பிறந்தவர்களில் ஒருவர் தூரத்திலிருந்து போனில் யோசனை மட்டும் சொல்வார், எல்லா வீட்டிலும் இது நடக்கும். அவருக்கு ஒரு வேலையை முழுதாகக் கொடுத்துவிடுங்கள்: இன்ஷூரன்ஸ் காகிதம், அப்பாயின்ட்மென்ட், உறவினர்களுக்குத் தகவல் சொல்வது, எது முடியுமோ அது. வாரத்தில் இரண்டு இரவாவது வேறு யாராவது பார்த்துக்கொள்ள, நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். இதற்கு ஆள் இல்லையென்றால் இரவு நர்ஸுக்கு என்ன வழி என்று அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சமூக சேவகரிடமோ பாலியேட்டிவ் நர்ஸிடமோ கேளுங்கள்.